சைக்கிள் அவளுக்கு, அளவு எனக்கு

என் மனைவிக்கு வாங்கப்போகும் சைக்கிளை என் உயரத்துக்குத்தான் வாங்குவது என்று தீர்மானித்தேன்.

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். வீட்டில் யாரும் கேட்பதில்லை. நீங்களாவது கேட்டால்தான் உண்டு.

நான் குடிநீர் ஆபீசில் பில் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் நாற்காலி காலி. அந்த நாற்காலிக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் ஒரு இரும்பு பீரோ மட்டும்தான். பீரோவைச் சுற்றிப் போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பெரிய அதிகாரியை அவருடைய டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லிவிட்டார்.

அதோடு போச்சு. டாக்டர் சொன்னது அவர் ஒருத்தருக்கு. ஓட்டுவது என்னவோ மொத்த ஆபீசும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய அதிகாரி ஊர்ப் பாலத்தடியிலிருந்து கிளம்பி ரேஸ் சைக்கிளில் முன்னால் போவார். கணக்குப் பிரிவு, கடிதப் பிரிவு, புகார்ப் பிரிவு எல்லாம் வால் மாதிரி பின்னால் போகும். திங்கட்கிழமை அந்த வாலோடு மட்டும்தான் சிரித்துப் பேசுவார். கணக்குப் பிரிவில் ஒருத்தன் இருக்கிறான். ஃபைலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிறவன். அவன் தோளில் தட்டுகிறார். காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு அவனைப் பார்க்கிறார். எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

ஒருநாள் என்னிடமும் கேட்டார். "நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க. ஓட்டாம இருக்க முடியாது சார்."

"அப்ப ஞாயித்துக்கிழமை ஆளைக் காணோமே?"

"சைக்கிள் ரிப்பேர்ல இருக்கு சார்."

என்னிடம் சைக்கிளே கிடையாது. இல்லாத சைக்கிளை எத்தனை வாரம்தான் ரிப்பேரில் வைத்திருப்பது? வாங்கலாம் என்றால் வீட்டில் வாயைத் திறக்க முடியாது. போன தடவை உடம்பைக் குறைக்கிறேன் என்று நான் வாங்கிப் போட்ட ஓடுகிற மெஷினில் இன்றைக்கும் துவைத்த துணி காய்ந்துகொண்டிருக்கிறது. இந்த நிலைமையில் ரேஸ் சைக்கிள் என்று நான் கேட்டால், அதில் என்ன காயப்போடுவது என்று அவள் கேட்பாள்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று ஊரெல்லாம் பேச்சு. நோயாளிகள் வரிசையில் நின்று அவளிடம்தான் கை நீட்டுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் வரிசையில்லாமலே நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவள் ஒருநாள் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏங்க, எனக்கு ஒரு சைக்கிள் வாங்கணும்" என்றாள்.

"அதான் இருக்கே ஒண்ணு."

"அது சைக்கிள் இல்லைங்க, இரும்புக் கட்டில். லேபுக்குப் போற வழியில அந்தப் பாலம் ஏறறதுக்குள்ள நாக்கு தள்ளுது."

"பஸ்ல போயேன்."

"விடியக்காலைல எந்த பஸ்ஸுங்க வருது? ஜனங்க வெறும் வயித்தோட வந்து உக்காந்திருக்காங்க. நான் லேட்டாப் போனா, நான் அவங்க ரத்தத்தை எடுக்கறதுக்கு முன்னாடி அவங்க என் ரத்தத்தைக் குடிச்சிடறாங்க."

"சரி, எந்த மாதிரி சைக்கிள்?"

"ரேஸ் சைக்கிள். ஹேண்டில் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்சிருக்குமே, அது. ஒரு கையால தூக்கிடலாம். எதிர்வீட்டு டீச்சரும் வாங்கறாங்களாம்."

எனக்குக் காபி மூக்கில் ஏறியது. ரேஸ் சைக்கிள். என் வீட்டுக்கே. என் வாயால் கேட்காமலே.

"என் சம்பளத்துல கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன். அதுக்குள்ளதான் வாங்கணும். அதுக்கு மேல சல்லிக்காசு கிடையாது" என்றாள். அப்புறம் சொன்னாள் பாருங்கள் ஒரு வார்த்தை. "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க."

நீங்களே முடிவு பண்ணுங்க. என் வீட்டில் திரைச்சீலையின் நிறத்திலிருந்து என் சட்டையின் நிறம் வரைக்கும் முடிவாகித்தான் என் காதுக்கு வரும். அப்படிப்பட்ட வீட்டில் இந்த வார்த்தையைக் கேட்டதும் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. நாற்காலி ஆசை யாரை விட்டது.

அன்றைக்கே ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆராய்ச்சியைத் தொடங்கினேன். தண்ணீர் பில்லை எல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு பெண்மணிக்கு ரேஸ் சைக்கிள் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று படித்தேன். முதலில் பார்க்க வேண்டியது விலை இல்லையாம். நிறமும் இல்லையாம். அளவாம். சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டு நின்றால் மேல்குழாய்க்கும் உடம்புக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டுமாம். உட்கார்ந்து கையை நீட்டினால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டுமாம். ஹேண்டில் தோள் அகலத்துக்கு மேல் போகக்கூடாதாம். பிரேக் பிடி சின்ன விரலுக்கும் எட்ட வேண்டுமாம். சீட் அகலமாக இருக்க வேண்டுமாம். அளவு தப்பினால் கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு மூன்றும் ஒன்றாகக் கோர்ட்டுக்குப் போகும் என்கிற அளவுக்கு எழுதியிருந்தார்கள்.

நான் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். அவள் என் தோளுக்கும் கீழே. இதில் ஒரு வரி அவளுக்குத் தெரிந்தாலும் என் நாற்காலி அம்பேல். ஆகவே படித்ததை எல்லாம் தலைகீழாகச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் அவளைச் சுவரோடு சாய்த்து நிறுத்தினேன். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் மேலே ஏற்றிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"இது எதுக்குங்க?"

"இதுதான் சீட்டுன்னு வச்சுக்கோ. புத்தகத்தோட மேல் விளிம்பு சுவத்துல படற இடத்துலேருந்து தரை வரைக்கும் அளந்தா கால் நீளம் தெரிஞ்சிடும். அதை வச்சுத்தான் சைக்கிள் அளவு."

டேப்பை இழுத்தேன். நேராக இழுக்கவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறவன் மாதிரி நடுவில் நன்றாக வளைத்து இழுத்து அளவைப் படித்தேன்.

"என் கால் அவ்வளவு நீளமா?" என்றாள்.

"உன் அருமை உனக்கே தெரியல."

"போன மாசம் வாங்கின பேண்ட்ல கீழ ஒரு ஜாண் வெட்டிப் போட்டேனே."

"அது பேண்ட் மேல தப்பு."

"டேப்பு தொப்பை போட்ட மாதிரி இருக்கேங்க."

"ஃபேன் காத்துக்கு அப்படித்தான் இருக்கும்."

ஃபேன் ஓடவில்லை. அவளும் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "சரிங்க" என்றாள். அப்புறம், "உங்க காலையும் அளந்து வச்சுடலாம், நில்லுங்க" என்றாள்.

"எனக்கு எதுக்கு?"

"சும்மாதான். டேப்பு கையில இருக்கே."

என்னை அவளே அளந்தாள். கால், கை, தோள் மூன்றையும். டேப் ஒரு இடத்திலும் வளையவில்லை. எனக்கு மட்டும் ஏன் இத்தனை அக்கறை என்று அப்போதாவது யோசித்திருக்கலாம். இவ்வளவு நாள் கழித்தாவது இவளுக்கு நம்மேல் ஒரு பிரியம் வந்திருக்கிறது என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

சனிக்கிழமை காலையில் கடைக்குப் போனோம். புதுசு, பழசு இரண்டும் விற்கிற சைக்கிள் கடை. கூரையிலிருந்து சக்கரங்கள் தொங்கின. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கு சார்?"

"இவங்களுக்கு."

உடனே ஒரு சின்னச் சிவப்பு சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கினார். "அம்மாவுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கும். பழசுதான், ஆனா நல்லா வச்சிருந்த வண்டி. மேல்குழாய் சரிவா இருக்கு பாருங்க, ஏறி இறங்க சுலபம். பிரேக் பிடி சின்னக் கைக்கும் எட்டும்."

"விலை?"

சொன்னார். அவளுடைய பட்ஜெட்டில் அப்படியே அடங்கியது. நான் இடிந்து போனேன். அளவும் சரி, விலையும் சரி. மனுஷன் எப்படித்தான் பிழைப்பது?

"சிவப்பு வேணாம்" என்றேன்.

"ஏன் சார்?"

"மாடு முட்டும்."

"இந்தப் பக்கம் மாடே கிடையாதே சார்."

"வெளியூர்லேருந்து வரும். நீங்க அந்த நீலத்தைக் காட்டுங்க."

நீலம் சுவரோரமாக நெட்டையாக நின்றது. பார்த்ததும் எனக்கும் அதற்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் மாதிரி இருந்தது. கடைக்காரர் தயங்கினார். "அது சார் உயரத்துக்கு இருக்கறது. அம்மாவுக்கு எப்படி?"

"போகப் போகச் சரியாயிடும்."

"அம்மா இனிமேயா வளரப் போறாங்க?"

"நம்பிக்கையை விடக்கூடாதுங்க."

அவள் நீலத்தின் மேல் ஏறினாள். ஏறினாள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். கடைக்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கி வைத்தோம்.

"ஏங்க, கால் தரையில படலையே."

"ரேஸ் சைக்கிள்ல கால் தரையில படக்கூடாது. பட்டா அதுக்குப் பேரு நடை."

"நிறுத்தணும்னா?"

"நிறுத்தாம ஓட்டறதுதான் ரேஸ்."

"ஹேண்டில் அடுத்த தெருவுல இருக்கற மாதிரி இருக்கே."

"எட்டிப் பிடிச்சாத்தான் முதுகு நீளும். டாக்டரே சொல்றார்."

"எந்த டாக்டர்?"

"எங்க பெரிய அதிகாரியோட டாக்டர்."

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "சார், நான் விக்கிறவன். எதை வாங்கினாலும் எனக்கு லாபம்தான். ஆனா இதுல ரெண்டு நாள் போனா அம்மாவுக்குக் கழுத்து பிடிச்சுக்கும் சார்."

நான் அவர் காலை மிதித்தேன். அவர் காலை எடுத்துக்கொண்டு, "என் காலை மிதிச்சா மட்டும் சைக்கிள் சின்னதாயிடாது சார்" என்றார். மானம் போயிற்று. அவள் சண்டை போடப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவளோ, "அவர் பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "ஆனா வாங்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க. உங்க உயரத்துக்குச் சரியா வருதான்னு பாத்துக்கலாம்."

என் உயரத்துக்கு எதற்குச் சரியாக வர வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, சைக்கிளில் ஏறுகிற அவசரத்தில் நான் கேட்கவில்லை. தெரு முனை வரைக்கும் போய் வந்தேன். என்னத்தைச் சொல்ல. வெண்ணெயில் போகிற மாதிரி போனது. திரும்பி வந்ததும் அவள் விடவில்லை.

"குழாய்க்கு மேல நில்லுங்க. இடம் இருக்கா? இருக்கு. உக்காந்து குதிகாலை பெடல்ல வைங்க. கால் நேரா வருதா? அண்ணே, சீட்டைக் கொஞ்சம் ஏத்துங்க. ம், இப்ப கையை நீட்டுங்க. நிமிர்ந்து உக்காருங்க."

ஒண்ணும் தெரியாது என்று சொன்னவள் கடைக்காரருக்கே பாடம் எடுத்தாள். பக்கவாட்டில், முன்னால், பின்னால் என்று போனில் படம் வேறு எடுத்தாள்.

"எதுக்கு இத்தனை போட்டோ?"

"சைக்கிள்ல ரொம்ப எடுப்பா இருக்கீங்க."

கல்யாண போட்டோவைப் பார்த்துக்கூட இவள் இப்படிச் சொன்னதில்லை. நான் மூச்சைப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, பக்கவாட்டுப் படத்தை இன்னொரு தடவை எடுக்கச் சொன்னேன்.

நீலத்தின் விலை அவளுடைய பட்ஜெட்டைத் தாண்டியது. "அப்ப வேணாங்க. சிவப்பையே எடுத்துக்கலாம்" என்று பையை மூடினாள்.

"இரு இரு. மேல ஆகறதை நான் போடறேன்."

"உங்ககிட்ட ஏது?"

பழைய சூட்கேசில் யாருக்கும் தெரியாமல் நான் சேர்த்து வைத்திருந்தது. அதை எப்படிச் சொல்வது? தலையைச் சொறிந்தேன். ஆச்சரியம், அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கடைக்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணே, சீட்டை மட்டும் மாத்திடுங்க. பொம்பளைங்களுக்கு உக்கார்ற எலும்பு அகலம். அகலமான சீட்டாப் போடுங்க."

அதுகூட இல்லாவிட்டால் ஊர் சிரிக்கும். போகட்டும், அகலமான சீட் என்னையும் தாங்கும் என்று ஒத்துக்கொண்டேன்.

"டயர் எப்படி சார், இதே ஓடுமா?" என்றார் கடைக்காரர்.

"புதுசு போடுங்க" என்றேன். பாலத்திலிருந்து இறங்கப் போகிறவன் நானல்லவா.

"பிரேக் கட்டை?"

"இருக்கறதுலேயே நல்லதாப் போடுங்க. சங்கிலியும் மாத்துங்க. கியர் ஒயரும் மாத்துங்க. முன்னாடி ஒரு நல்ல லைட்டு."

சூட்கேஸ் காலியானது. அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை தாராளமான புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்துப் பூரித்துப் போயிருக்கிறாள் என்று நான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மெதுவாக ஆரம்பித்தேன். "நீ எப்படியும் திங்கட்கிழமையிலேருந்துதானே ஓட்டப் போற? ஞாயித்துக்கிழமை லேப் லீவு. வண்டி சும்மா நிக்கும். நாளைக்கு நான் கொஞ்சம் ஓட்டிப் பழக்கி வைக்கிறேன். புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி புது சைக்கிளும் கடிக்கும்."

"எவ்வளவு தூரம் பழக்குவீங்க?"

"பாலம் வரைக்கும்."

"தாராளமா" என்றாள்.

ஜெயித்துவிட்டேன். பெரிய அதிகாரிக்கு உடனே போன் போட்டேன். "சார், சைக்கிள் ரிப்பேர் முடிஞ்சு வந்துடுச்சு. நாளைக்கு பாலத்தடியில நிப்பேன்."

"அப்படியா? சந்தோஷம். உங்ககிட்ட அந்த பில் பிரிவு விஷயமாவும் கொஞ்சம் பேசணும். ஓட்டிக்கிட்டே பேசலாம்" என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைத்தெருவுக்கு ஓடிப்போய்ச் சைக்கிள்காரர்கள் போடுகிற கறுப்பு இறுக்கக் கால்சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வரும்போது மாடிப்படியில் எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ்காரர் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு சைக்கிள். பார்த்தால் அந்தச் சிவப்பு.

இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் மனைவியும் இவரும் ஒரே உயரம். இவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் வாலிபால் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். அந்த டீச்சரும் நானும் மாடிப்படி விளக்குக்குப் பல்பு மாட்ட ஸ்டூல் கேட்டதில்லை.

"என்ன சார், டீச்சருக்கா?" என்றேன்.

"ஆமா சார். வீட்டம்மாவுக்குத்தான்."

"அவங்களுக்கு இது ரொம்பச் சின்னதாச்சே. முட்டி ஹேண்டில்ல இடிக்குமே."

"முட்டி இடிச்சா வேகம் வரும் சார்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. படியைப் பார்த்தார். அப்புறம் என் கையிலிருந்த இறுக்கக் கால்சட்டைப் பொட்டலத்தைப் பார்த்தார். நான் அவர் பாக்கெட்டிலிருந்து எட்டிப் பார்த்த அதே மாதிரிப் பொட்டலத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

"உங்களுக்கு எதுக்கு சார்?" என்றேன்.

"சைக்கிள் ஓட்டறவங்க அடிக்கடி விழறாங்க சார். விழறதுக்கு முன்னாடி போய் பாலிசி போட்டுடணும். உங்களுக்கு?"

"நாற்காலிக்கு" என்றேன்.

"டீச்சர் ஒண்ணும் சொல்லலையா?" என்று நானே மறுபடி கேட்டேன்.

"நீங்களே பாத்து முடிவு பண்ணுங்கன்னுட்டாங்க சார்."

"என் வீட்லயும் அதேதான்" என்றேன். இரண்டு பேரும் கையைக் குலுக்கிக்கொண்டோம். டீச்சரை நினைத்து எனக்கு உண்மையிலேயே பரிதாபமாக இருந்தது. பாவம், புருஷனை நம்பி இப்படி ஏமாறுகிறாரே என்று என் மனைவியிடமே சொன்னேன். "ஆமாங்க, பாவம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. இறுக்கக் கால்சட்டைக்குள் என்னைத் திணித்துக்கொண்டேன். மூச்சு விட முடிந்ததே தவிர உட்கார முடியவில்லை. ஹாலுக்கு வந்தேன். நீலம் நின்ற இடத்தில் சிவப்பு நின்றது.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே ராத்திரியில் சைக்கிள் சுருங்கி, வெட்கத்தில் சிவந்தும் போய்விட்டதா என்று கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். அதற்குள் என் மனைவி தலையில் ஹெல்மெட்டோடு அடுப்படியிலிருந்து வந்து, அதன் தண்ணீர்ப் புட்டியை அதன் இடத்தில் செருகினாள்.

"இது எதிர்வீட்டு சைக்கிள்" என்றேன்.

"இல்லைங்க. என்னோடது."

"அப்ப நீலம்?"

"டீச்சரோடது."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. டீச்சர் நீலத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். காலைப் போட்டு நின்றார். குழாய்க்கு மேலே அளவான இடைவெளி. கையை நீட்டினார். முழங்கை லேசாக மடங்கியது.

"ரொம்ப நன்றிண்ணா. சீட்டு உயரம்கூட மாத்த வேண்டியதில்ல" என்றார். "உங்க அளவும் என் அளவும் ஒண்ணுதான்னு இவங்க சொன்னப்ப நான் நம்பல. நேத்து உங்க போட்டோ எல்லாம் பாத்தப்புறம்தான் தைரியமா சரின்னேன். அந்த அகலமான சீட்டுக்குத் தனியா ஒரு நன்றிண்ணா."

என் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்ற படங்கள். மனைவியை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"என்னடி இது அநியாயம்?"

"என்னங்க அநியாயம்? எனக்கு என் அளவுல கிடைச்சுது. அவங்களுக்கு அவங்க அளவுல கிடைச்சுது. ரெண்டு பேரும் ஒரே அளவு பணம்தான் சேத்து வச்சிருந்தோம். அதுக்கு மேல ஒரு காசு எங்க கையை விட்டுப் போகல."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நானே உனக்குச் சின்னதா ஒண்ணு பாத்து வாங்கித் தந்திருப்பேனே."

"தந்திருப்பீங்க. இஸ்திரிப் பெட்டி வாங்கித் தந்தீங்களே, அந்த மாதிரி. கடைக்குள்ள போனதும் தெரியல, வந்ததும் தெரியல. இன்னிக்கு வரைக்கும் அது சூடானதே இல்ல. உங்க ஷேவிங் மெஷினுக்கு எத்தனை கடை ஏறி இறங்கினீங்க?"

நான் கால்சட்டையின் இடுப்புப் பட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"எனக்குன்னா உங்க கண்ணுல மலிவுதான் படும். உங்களுக்குன்னாத்தான் தரம் படும். எதிர்வீட்டுலயும் இதே கதைதானாம். அதான், உங்களுக்குன்னே நினைச்சு வாங்கட்டும்னு விட்டுட்டோம். டயர் என்ன, பிரேக் என்ன, எவ்வளவு பாத்துப் பாத்துப் போட்டீங்க. டீச்சருக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. இந்தச் சிவப்புக்கும் எதிர்வீட்டு அண்ணன் எல்லாம் புதுசா மாத்தியிருக்கார்."

"நான் எனக்குன்னு நினைச்சேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க பெரிய அதிகாரி சுகர் டெஸ்டுக்கு என்கிட்டதாங்க வர்றார். ஊசியைப் பாத்தா பயம். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஏதாவது பேசிக்கிட்டே இருப்பார். உங்க வீட்டுக்காரர் சைக்கிள் எப்ப ரிப்பேர் முடிஞ்சு வரும்னு கேட்டார். உங்களுக்கு ஏதுங்க சைக்கிள்? அன்னிக்கு சாயங்காலமே நானும் டீச்சரும் உக்காந்து பேசிட்டோம்."

ஆக, அவள் எனக்குக் காபி கொடுத்து சைக்கிள் கேட்டதற்கு முன்னாலேயே ஊசி இறங்கியாயிற்று. எனக்குத்தான் தெரியவில்லை. கோபம் தலைக்கு ஏறியது. ஏறி என்ன செய்ய? அந்தக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு யாராலும் கோபமாக நிற்க முடியாது.

"இன்னிக்கு ஒரு நாளைக்காவது நீலத்தைக் குடு. என் வேலை விஷயம். நாற்காலி விஷயம். பாலத்தடியில அவர் நிப்பார்" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நாங்களும் பாலத்துக்குத்தாங்க போறோம். உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு நான் பக்குவமா சொல்லிடறேன். கவலைப்படாதீங்க" என்றாள். இரண்டு பேரும் சைக்கிளை ஆளுக்கு ஒரு கையால் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒருத்தி குட்டை, ஒருத்தி நெட்டை. இரண்டு பேர் முதுகும் சரியான சாய்வில் இருந்தது. நான் படித்த ஆராய்ச்சியில் போட்டிருந்த படம் மாதிரியே இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

எதிர்வீட்டு வாசலில் இன்ஷூரன்ஸ்காரர் நின்றார். அவரும் இறுக்கக் கால்சட்டை. தலையில் ஹெல்மெட் வேறு.

"சார், சைக்கிள்ல ஏறாமலே இவ்வளவு அடிபட முடியும்னு எனக்குத் தெரியாது" என்றார். "இதுக்கு எந்தக் கம்பெனியிலயும் பாலிசி கிடையாது சார்."

இரண்டு பேரும் படியில் உட்காரப் பார்த்தோம். கால்சட்டை இடம் கொடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே பொழுதைக் கழித்தோம். வெயில் ஏறிய பிறகு என் போன் அடித்தது. பெரிய அதிகாரி.

"சார், அது வந்து, உடம்பு கொஞ்சம்" என்று இருமினேன்.

"தெரியும், தெரியும். உங்க வீட்டம்மா சொன்னாங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். அவருக்கு மூச்சு இரைத்தது. "என்ன அருமையா ஓட்டறாங்க தெரியுமா? பாலத்துல எங்க எல்லாரையும் தாண்டிப் போயிட்டாங்க. நாங்க மேல ஏறிப் போய்ச் சேர்றப்போ அவங்க தண்ணி குடிச்சு முடிச்சிட்டு நின்னாங்க. நம்ம கணக்குப் பிரிவுக்காரருக்கு நடுவுல சங்கிலி கழண்டு போச்சு. அவங்கதான் திரும்பி வந்து மாட்டி விட்டாங்க. அப்புறம் எங்களை ரெண்டு ரெண்டு பேரா வரிசைப்படுத்தி, யார் எந்த கியர்ல வரணும்னு சொல்லி, ஒருத்தர் விடாம எல்லாரையும் கூட்டிட்டு வந்து சேத்தாங்க. எல்லாரும் மறுபேச்சில்லாம கேட்டாங்க. நானும் கேட்டேன்."

"நன்றி சார்" என்றேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "சார், அந்த பில் பிரிவு விஷயமா ஏதோ பேசணும்னு சொன்னீங்களே?"

"ஆமாமா, அதுக்குத்தான் கூப்பிட்டேன். அந்தத் தலைவர் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு, லேப் வேலையை விட்டுட்டு வர அவங்களுக்கு இஷ்டமான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"